ஆள் உயரப் பச்சை

என் முதல் பிள்ளை ஈரத் தரையில் கிடந்து செத்தது. மற்ற விஷயங்களைப் பிறகு சொல்கிறேன். இதை முதலில் சொல்லாவிட்டால் நான் செய்தது எதுவும் உங்களுக்குப் புரியாது. கூலாயிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம் அது. எங்கள் லயம், கூலிகளின் வரிசை வீடு, பள்ளத்தில் இருந்தது. மழை வலுத்தால் சாக்கடைத் தண்ணீர் படி தாண்டி உள்ளே வரும். ஓர் அறையில் இரண்டு குடும்பம். பையனுக்கு அப்போதுதான் மாதம் ஒன்று முடிந்திருந்தது. மார்ச்சளி கட்டி, மூச்சு இழுத்து, என் மடியிலேயே போய்விட்டான். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர். வந்து பார்த்துவிட்டு, "நிலம் முழுக்க ஈரமாக் கிடக்குது. பிள்ளை என்னெண்டு தாங்கும்?" என்று என்னையே கேட்டார். நானா லயம் கட்டினேன்? வாயில் வந்ததைச் சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

அடுத்தது வயிற்றில் தங்கியதும் ஒன்றே ஒன்றை முடிவு செய்தேன். இந்தப் பிள்ளை பலகைத் தரையில், ஒழுகாத கூரைக்குக் கீழே பிறக்கும். அதற்காக யார் காலில் விழ வேண்டுமோ விழுவேன், யார் கழுத்தைப் பிடிக்க வேண்டுமோ பிடிப்பேன்.

ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூட்டுக்குப் பின்னால், மேட்டில், ஓர் அறை பூட்டிக் கிடந்தது. மரக்கால் வைத்துத் தூக்கிக் கட்டியது. பலகைச் சுவர், பலகைத் தரை, தகரக் கூரை, ஒரே கதவு. ஜன்னல் கிடையாது. ரப்பர் விலை விழுந்து, தோட்டத்தில் பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்ட வருடம் அது. காலியான லயங்களும் அதே பள்ளத்தில்தான் இருந்தன. மேட்டு அறை ஒன்றுதான் காய்ந்த இடம். ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. நான் மலாக்காப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். ஏன் கேட்கவில்லை என்று விசாரித்தால் பேச்சை மாற்றினார்கள். ஏதோ பேய்க் கதை என்று நினைத்துக்கொண்டேன். ஈரத்தைவிடப் பெரிய பேய் எனக்கு இல்லை.

எங்களை வேலை வாங்கும் அய்யாவு கங்காணியிடம் நேராகவே கேட்டேன். ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில், எல்லாரும் பார்க்கக் கேட்டேன்.

"மேட்டு ரூம எங்களுக்குக் குடுங்க கங்காணி. வயித்துல இருக்கிறதையாச்சும் காப்பாத்திக்கிறேன்."

கங்காணி என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

"வீரமுத்துக்கு இல்லாத ரூமா? அவன் பொழங்குன எடந்தானே. சாவிய வாங்கிக்கம்மா."

சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கூச்சம் என்று நினைத்தேன். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். கங்காணி சொல்லிவிட்டார், இனி நானும் சொல்கிறேன். வீரமுத்து. ஆள் நல்ல உயரம். பேச்சு குறைவு. புகைக்கூட்டில் நெருப்புக் காவல் அவருக்கு வேலை. கல்யாணமான நாளிலிருந்து என்மேல் கை ஓங்கியதில்லை. லயத்தில் மற்றப் பெண்கள் முதுகைத் தடவிக்கொண்டு வந்து அழும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. அதை மறைக்கவும் மாட்டேன்.

அறையைத் திறந்தால் பெயிண்ட் நாற்றம் முகத்தில் அடித்தது. நாலு சுவரும் பச்சை எண்ணெய்ப் பெயிண்ட். கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, தொட்டால் செதில் செதிலாகத் தரையில் உதிர்ந்தது. அந்தப் பெயிண்ட் வயிற்றுக்குள் போனால் விஷம் என்று டிரஸ்ஸர் சொன்னார். தவழ்கிற பிள்ளை தரையில் கிடப்பதைத்தான் முதலில் வாயில் போடும். ஆகவே அத்தனையையும் பலகை தெரியும்வரை சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூச வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

வீரமுத்து சுரண்ட முடியாது. பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் வீட்டை இடிக்கக் கூடாது, ஆணி பிடுங்கக் கூடாது, சுவரில் கத்தி வைக்கக் கூடாது. மீறினால் அது வயிற்றுப் பிள்ளைமேல் விழும். எங்கள் ஆட்களுக்கு மட்டுமில்லை, கம்பம் என்கிற பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர்களும் அப்படித்தான் சொன்னார்கள். முகச்சவரமும் கூடாது. தாடி நெஞ்சுவரை இறங்கிக் கிடந்தது. "பிள்ளை பொறந்து மொதல்ல உங்களப் பாத்துச்சுன்னா திரும்ப உள்ள போயிரும்" என்று கேலி செய்வேன். எனக்காக ஒரு கோழிகூட அறுக்கமாட்டார். பக்கத்து வீட்டுப் பையனைத்தான் கூப்பிட்டு அறுக்கச் சொல்வார். அவ்வளவு பயபக்தி. தோட்டத்து ஆட்களை உதவிக்குக் கூப்பிட்டேன். மேட்டு அறை என்றதும் ஆளுக்கு ஒரு சாக்குச் சொன்னார்கள். அதனால்தான் வெளியாள் வந்தார்.

பெயர் லெட்சுமணன். கூலாய் டவுனில் தவுக்கே என்கிற ஒரு சீன முதலாளியிடம் கடைகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை பார்த்தவர். வேலை இல்லாமல் போய், கிடைத்த இடத்தில் சோற்றுக்குப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். ஒல்லி ஆள். இடது காது கேட்காது. இடது கையில் இரண்டு விரல் மடங்காது. அண்ணே என்று கூப்பிட்டேன், தங்கச்சி என்றார். முன்பு உலு திராம் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தாராம். அங்கே என்ன ஆச்சு என்று கேட்டால், "போச்சு தங்கச்சி" என்பார். அவ்வளவுதான்.

வேலை தெரிந்தவர். சோடாக்காரத்தைத் தகர வாளியில் கரைத்து, கஞ்சி கலந்து கூழாக்கி, தென்னம்பஞ்சை மட்டையில் கட்டிச் சுவரில் அப்புவார். கொஞ்ச நேரத்தில் பெயிண்ட் சுருங்கி எழும்பும். உடைந்த மண்வெட்டியின் தகட்டைத் தீட்டி ஒரு கட்டையில் பூட்டி வைத்திருந்தார். அதை வைத்து ஒரே இழுப்பில் வழித்தெடுப்பார். கூழ் தோலில் பட்டால் வெந்துபோகும் என்று என்னைக் கிட்டவே விடமாட்டார். முழங்காலுக்குக் கீழே ஒரு பழைய கோணிச் சாக்கைப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். மூன்று சுவர் சுருக்காக முடிந்தது. பழுப்பேறிய பலகை வெளியே வந்தது. எனக்கு மனசு நிறைந்துபோனது.

பின்சுவரில்தான் வேலை நின்றது. மேலே மெல்லிய பூச்சு. ஆள் உயரத்துக்குக் கீழே மட்டும் பெயிண்ட் தடிப்பாக இருந்தது. பச்சையை எடுத்தால் அதற்குக் கீழே இன்னொரு பச்சை, அதற்குக் கீழே சிவப்பு, மறுபடி பச்சை. ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதுபோல் ஒருத்தர் அந்த இடத்தில் மட்டும் திரும்பத் திரும்பப் பூசியிருந்தார்.

"யாரு இப்படிப் பூசுனது? பெயிண்டுக்கு வந்த கேடு" என்றேன்.

லெட்சுமணன் ஒரு பூச்சைச் சுரண்டித் தகட்டில் வந்ததை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு தகட்டைச் சாக்கில் துடைத்துவிட்டு மறுபடி சுரண்டினார்.

பலகை தெரியத் தெரிய, அதில் கீறல் இருந்தது. நீளமான கீறல், நாலு நாலாக. அதற்குமேல், கையைத் தூக்கினால் எட்டும் இடத்தில், அறுத்துவிட்ட இரும்பு வளையத்தின் அடிப்பாகம் பலகையில் புதைந்து கிடந்தது. வீரமுத்து சாப்பாடு கொண்டுவந்தபோது அதைக் காட்டினேன்.

"என்னாங்க இது?"

"தராசு மாட்டுற வளையம்."

"இந்தக் கீறல்?"

"எலி."

"இந்த ஒசரத்துலயா? உங்க தோட்டத்து எலி நின்னுக்கிட்டா பொறாண்டும்?"

அவர் தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் திரும்பியபோது லெட்சுமணன் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, பின்பக்கமாக விரலால் பலகையைத் தடவித் தேடிக்கொண்டிருந்தார். பலகையில் முடிச்சாகத் திரண்டிருந்த ஒரு மரக்கண்ணில் விரல் நின்றது. அவர் முகத்தில் வேர்வை வழிந்தது. என்ன அண்ணே என்றேன். தலை சுத்துது தங்கச்சி, சோடா நாத்தம் என்றார்.

அன்று இரவு முழுக்க மழை கொட்டியது. விடியும்போது லயத்தில் கணுக்கால் தண்ணீர். எனக்கு இடுப்பில் வலி எடுத்தது. நாள் இன்னும் இருந்தது, பிள்ளைதான் அவசரப்பட்டது. மருத்துவச்சி செல்லம் அக்கா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"பொழுது சாயறதுக்குள்ள ஆயிரும். நான் வீட்டுல ஒலைய எறக்கிட்டு வந்துர்றேன். இந்தத் தண்ணியில கெடக்காத, மேட்டுக்குப் போயிரு" என்றாள்.

வீரமுத்து என்னைத் தூக்கிக்கொண்டுபோய் மேட்டு அறையில் பாய் விரித்துப் படுக்கவைத்தார். லெட்சுமணன் விடியற்காலையிலேயே வந்து பின்சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஆம்பிளை இருக்கக் கூடாதுதான். ஆனால் அந்தச் சுவர் முடியாமல் பிள்ளை பெறமாட்டேன் என்று எனக்கு ஒரு பிடிவாதம். "முடிச்சிட்டுப் போங்கண்ணே, கொஞ்சந்தானே இருக்கு" என்றேன். வாளியைக் கதவோரம் தள்ளி வைத்துவிட்டு, கூழ் இல்லாமல் வெறும் தகட்டால் சுரண்டினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் வேலை செய்தார்.

பெரிய வலி ஒன்று வந்தது. கத்திவிட்டேன். வீரமுத்து என் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, காதருகே மெதுவாகச் சொன்னார்.

"மூச்ச இழுத்துப் புடி. புடிச்சுக்க. இப்ப விடு. அவ்வளவுதான், அவ்வளவுதான்."

அவ்வளவு இதமான குரலை நான் அவரிடம் அதுவரை கேட்டதில்லை. வலி கொஞ்சம் அடங்கியது. அடுத்தது வந்தது. மறுபடியும் சொன்னார்.

"மூச்ச இழுத்துப் புடி. அவ்வளவுதான்."

சுரண்டும் சத்தம் நின்றுபோயிருந்தது.

லெட்சுமணன் திரும்பி நின்றார். கையில் தகடு. கேட்கிற காதை எங்கள் பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

வீரமுத்து நிமிர்ந்தார். "என்னது?"

"மூச்சப் புடின்னு. இன்னொரு தடவ சொல்லு. நீதானே அது."

"நீ வேலையப் பாருப்பா. வலியில கெடக்கா."

"நானும் வலியிலதான் கெடந்தேன்." அவர் குரல் உயரவே இல்லை. என்னைப் பார்த்துச் சொன்னார். "தங்கச்சி, நான் உலு திராம் தோட்டத்துலேருந்து ஓடியாந்தேன். கூலாய் ரயில் ஸ்டேசன்ல கங்காணி ஆளுங்க புடிச்சாங்க. தலையில கோணிச் சாக்கக் கவுத்து, மாட்டு வண்டியில போட்டு எங்கியோ கொண்டுபோனாங்க. கங்காணிங்களுக்குள்ள அது ஒரு ஒத்தாச. ஒன் தோட்டத்து ஆள நான் அடிச்சுக் குடுப்பேன், என் தோட்டத்து ஆள நீ அடிச்சுக் குடு. எங்க அடிச்சான், யாரு அடிச்சான்னு லேபர் ஆபீசுல போயிச் சொல்ல முடியாதுல்ல. பலக ரூமு. மேல வளையம். கையக் கட்டித் தொங்கவிட்டாங்க. வெரலுக்கு எட்டுன எடத்துல பலகையில ஒரு மரக்கண்ணு. மூணு நாளு அதத்தான் தடவிக்கிட்டிருந்தேன்."

"மதி, அவன் பேச்சக் கேக்காத" என்று என்னிடம் சொன்னார் வீரமுத்து.

"அடிச்சவன் ஒருத்தன். ஒவ்வொரு அடிக்கும் முன்னால சொல்லுவான், மூச்ச இழுத்துப் புடின்னு. அடிச்சிட்டு, அவ்வளவுதான் அவ்வளவுதான்னு சொல்லுவான். நல்லவன் போலருக்குன்னு நெனச்சேன் தங்கச்சி. அவன் சொன்னமாரியே புடிச்சேன். வெலா ஒடஞ்சப்பகூடப் புடிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன்."

நான் வீரமுத்துவைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். பைத்தியக்காரன் என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். எனக்கு அந்த அறை வேண்டும், அந்த ஆளும் வேண்டும். அவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். கங்காணி ஏன் சிரித்தார், மற்றவர்கள் ஏன் சிரிக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

லெட்சுமணன் பாய்ந்தார். தகட்டின் கட்டை வீரமுத்துவின் நெற்றியில் இறங்கியது. தோல் பிளந்து ரத்தம் தாடிக்குள் ஓடியது. இரண்டாவது அடி தோள்பட்டையில் விழுந்தது. வாளி உருண்டு, சோடாக்கூழ் கதவோரத் தரையில் பரவி, லெட்சுமணனின் பாதத்தைச் சுட்டது. அவர் அலறினார், ஆனால் விலகவில்லை. நான் பாயை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினேன். இரண்டு பேரையும் கேட்கக் கூசுகிற வார்த்தை சொல்லித் திட்டினேன். யார் காதிலும் விழவில்லை.

பிறகு வீரமுத்து எழுந்தார்.

அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. சாதாரணமாக மனுஷர் சண்டை போட்டால் கன்னாபின்னா என்று கை வீசுவார்கள். இவர் வீசவில்லை. லெட்சுமணனின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு திருகு. தகடு கீழே விழுந்தது. முழங்காலால் விலாவில் ஓர் இடி, முன்பு எந்த இடத்தில் உடைந்தது என்று தெரிந்தவர் மாதிரி. அந்த ஆள் மடிந்து விழுமுன் கழுத்தைப் பிடித்துப் பின்சுவரில் சாத்தினார். எல்லாம் ஒரு மூச்சுக்குள். தினம் செய்கிற வேலையைச் செய்வதுபோல் அவர் கை தன் பாட்டுக்குச் செய்தது. எனக்காகக் கோழி அறுக்காத கை.

அந்தக் கை கீழே போய்த் தடவியது. லெட்சுமணன் முழங்காலுக்குப் போட்டிருந்த கோணிச் சாக்கை எடுத்தது. ஓர் உதறு உதறி, வாயை விரித்து, அவர் தலைவழியே கவிழ்த்தது. அடிக்கிற அவசரத்தில் யாருக்காவது சாக்குத் தோன்றுமா? இவருக்குத் தோன்றியது. சாக்குக்குள்ளிருந்து சின்னப் பிள்ளை அழுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதுவரை கத்திக்கொண்டிருந்த ஆம்பிளையின் சத்தம் இல்லை அது.

"மூச்ச இழுத்துப் புடி" என்றார் வீரமுத்து. தெரிந்து சொன்னாரா, தானாக வந்ததா, எனக்குத் தெரியாது.

என் கைக்குப் பக்கத்தில் தகடு கிடந்தது. வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, முட்டிபோட்டு எழுந்து, மறு கையால் அதை எடுத்து அவர் மணிக்கட்டில் வெட்டினேன். தட்டவில்லை, மிரட்டவில்லை, வெட்டினேன். எலும்பில் பட்ட அதிர்ச்சி என் தோள்வரை ஏறியது. சாக்கின்மேலும் என் சேலையின்மேலும் ரத்தம் சிதறியது. அவர் கையை விட்டார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நெற்றி ரத்தம் கண்ணுக்குள் இறங்கியிருந்தது.

"புள்ள" என்றார்.

லெட்சுமணன் சாக்கைப் பிடுங்கி எறிந்தார். இருமினார், வாந்தி எடுப்பதுபோல் குனிந்தார். பிறகு மூலையில் கிடந்த கட்டையை எடுத்தார், சுண்ணாம்பு கிண்டுவதற்கு வைத்திருந்த உருண்டைக் கட்டை. வீரமுத்துவின் தலைக்குமேல் ஓங்கினார்.

"இங்க வேணாம்" என்றேன்.

இரண்டு பேரும் நின்றார்கள்.

"எம்புள்ள இங்க பொறக்கணும். இந்த ரூமுல இனி ஒரு அடி விழக் கூடாது. வெளிய கூட்டிட்டுப் போயி அடிங்கண்ணே."

எனக்கு அந்த நிமிஷம் அவர்மேல் இரக்கம் இல்லை. இருந்தது என்று சொன்னால் பொய். நெஞ்சு எரிந்தது. இத்தனை வருடம் இந்தக் கை தொட்ட சோற்றைத் தின்றேன், இந்தக் கைமேல் தலைவைத்துத் தூங்கினேன் என்று எரிந்தது. இவர் இங்கே மனுஷரைத் தொங்கவிட்டு அடித்தது தெரிந்தும், பிள்ளை பெற என்னைத் தூக்கிவந்து இங்கேயே கிடத்தினாரே என்றும் எரிந்தது. வளையம் தராசுக்கு என்றாரே.

"நீயா மதி சொல்ற?" என்றார் வீரமுத்து.

"நாந்தான் சொல்றேன்."

அவர் என்னைத் தாண்டி, தரையில் பரவியிருந்த கூழை மிதித்துக்கொண்டு, தானாகவே வெளியே போனார். நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஓடியிருக்கலாம். புகைக்கூட்டில் ஆள் இருந்தது, கூப்பிட்டிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. படியிறங்கி முற்றத்தில் நின்றார். லெட்சுமணன் நொண்டிக்கொண்டே பின்னால் போனார்.

முதல் அடியின் சத்தம் கேட்டது. ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி. அடுத்த வலியும் அப்போதே வந்தது. மூச்சை இழுத்துப் பிடித்தேன். அவர் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது. வெளியே அடி விழுந்துகொண்டே இருந்தது. எதற்கு யார் கத்தினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நானும் கத்தினேன், அவரும் கத்தினார், அடித்தவரும் அழுதுகொண்டேதான் அடித்தார்.

செல்லம் அக்கா வந்துவிட்டாள். முற்றத்தில் நடந்ததைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றிருப்பாள் போல. அவள் குரல் கேட்டது. "அலமாக், என்னா கொடும இது. ஒருத்தன ஒருத்தன் கொல்றதுன்னா அந்தப் பக்கம் போயிக் கொல்லுங்க. எனக்கு வழி வேணும்." கதவைத் தாண்டும்போது தரையில் கிடந்த கூழைப் பார்த்து, சேலையைத் தூக்கிக்கொண்டு எட்டி வைத்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மேட்டு அறையில் முன்பு என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தோட்டத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியாது.

"ஏண்டி மூச்சக் கட்டிக்கிட்டுக் கெடக்குற? விடு. வாயத் தொறந்து விடு. புடிச்சா புள்ள எப்படி எறங்கும்?" என்று என் கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

விட்டேன். உள்ளே இருந்ததெல்லாம் அந்த மூச்சோடு வெளியே போனது. அதற்குப் பிறகு அதிக நேரம் ஆகவில்லை.

பிள்ளை அழுதது. நல்ல கனத்த அழுகை, நெஞ்சில் சளி இல்லாத அழுகை. வெளியே சத்தம் நின்றது. கட்டை தரையில் விழுந்தது கேட்டது. கொஞ்சம் கழித்து லெட்சுமணன் கதவுக்கு வெளியிலிருந்து, உள்ளே பார்க்காமல் கேட்டார்.

"என்ன புள்ள?"

"பொண்ணு" என்றாள் செல்லம் அக்கா. "போதும் போ. வேலைக்குப் போன ஆளுங்க வர்ற நேரம். கங்காணி கண்ணுல படாம போயிரு."

அவர் இன்னும் கொஞ்சம் நின்றார். "தங்கச்சி, சொவத்துல கீழ ஒரு மொழம் பாக்கி இருக்கு. அதையும் எடுத்துரு" என்றார். ரப்பர் மர நிரைகளுக்குள் நொண்டிக்கொண்டே போனார். அவரை நான் பிறகு பார்க்கவில்லை.

செல்லம் அக்கா பிள்ளையைத் துடைத்து என் மாரில் போட்டாள். தண்ணீரைக் கொட்டிக் கூழைக் கழுவித் தள்ளினாள். வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. தகரத்தில் மழை விழத் தொடங்கியது. மேலே பார்த்தேன். எங்கும் ஒழுகவில்லை.

படியில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. வீரமுத்து தவழ்ந்து வந்தார். ஒரு காலை இழுத்துக்கொண்டு, வெட்டுப்பட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். முகம் வீங்கி ஒரு கண் மூடிப்போயிருந்தது. தாடி முழுக்கச் சேறும் ரத்தமும். நிலைப்படியில் கன்னத்தை வைத்துக்கொண்டு படுத்தார். உள்ளே வரவில்லை. மழை அவர் முதுகில் அடித்தது.

"மதி. புள்ளயக் காட்டு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன செய்தவரானாலும் என் ஆள். எழுந்துபோய் இழுத்து உள்ளே போட வேண்டும் என்றுதான் கை துடித்தது. பிள்ளையை இறுக்கிக்கொண்டு அப்படியே இருந்தேன்.

"இந்த ரூமுல எத்தன பேர அடிச்ச?" என்றேன். அவரை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"தெரியாது புள்ள."

"யார் யாரு?"

"எனக்கு எப்படித் தெரியும்? சாக்குப் போட்டுத்தானே கொண்டாருவாங்க. நான் ஒருத்தன் மொகத்தயும் பாத்ததில்ல. கங்காணி சொன்னாரு, செஞ்சேன். மொகத்தப் பாத்திருந்தா செஞ்சிருக்க மாட்டேன் மதி. சத்தியமா. ஒருத்தன் மொகத்தயும் பாத்ததில்ல."

அவர் அதைச் சமாதானமாகத்தான் சொன்னார். அதைச் சொன்னால் நான் மன்னிப்பேன் என்று நம்பித்தான் சொன்னார்.

"அப்ப எம்புள்ள மொகத்தயும் நீ பாக்க வேணாம்" என்றேன்.

செல்லம் அக்கா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், நிலைப்படியில் இருந்த அவர் தலையை மெதுவாக வெளியே தள்ளிவிட்டு, கதவைச் சாத்தினாள்.